ஒக்டோபரில் கட்டிய நத்தார் குடில்

நத்தார் இல்லாத வீட்டில் குடித்தனம் நடத்துவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், உனக்கென்ன விசரா என்று கேட்டுச் சிரித்திருப்பேன். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். எங்கள் ஒழுங்கையில் டிசம்பர் பிறந்ததுமே வீட்டுக்கு வீடு நட்சத்திரக் கூடு ஏறிவிடும், கேக்குக்கு ரவை வறுக்கும் மணம் தெருமுனை வரை வரும். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். என் கணவர் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தவர், கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். அமைதியான மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர். பொய் சொல்லத் தெரியாத மனிதரோடு அந்தக் காலத்துக் கொழும்பில் வாழ்வது எவ்வளவு பயங்கரம் என்று போகப் போகத்தான் எனக்குத் தெரிந்தது.

இவர் எங்கேயோ யாரோடோ கதைத்து ஒரு சின்ன ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். தெமட்டகொடையில் ஒரு ரயில்வே குவாட்டர்ஸில் நாலைந்து குடும்பங்கள் கூடி வேதம் வாசிப்பார்கள். அவர்களுடைய கொள்கை ஒன்றுதான். கடவுள் கட்டளையிட்ட பண்டிகைகள் வேதத்தில் எழுதிக் கிடக்கின்றன: பாஸ்கா, புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, கூடாரப் பண்டிகை. அவற்றை விட்டுவிட்டு, வேதத்தில் எங்கேயும் இல்லாத நத்தாரை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்று கேட்பார்கள். டிசம்பர் இருபத்தைந்து ரோமாபுரிக்காரர் சூரியனுக்கு விழா எடுத்த நாளாம். மரம், நட்சத்திரம், உயிர்த்த ஞாயிற்று முட்டை எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவையாம்.

ஆண்டவர் பிறந்த திகதி எங்கே எழுதியிருக்கிறது, காட்டு பார்க்கலாம் என்பார் இவர். நான் எங்கே போய்க் காட்ட? ஆஸ்பத்திரித் துண்டா இருக்கிறது? வேதத்தை வைத்து இவரோடு வாதாடி வெல்ல முடியாது. ஆனால் எனக்கு வந்த கோபம் வேதத்தால் தீருகிற கோபமும் இல்லை. எங்கள் முதலாம் நத்தாருக்கு நான் ஆசையாக வாங்கிய நட்சத்திரக் கூட்டை மடித்துக் கீழ் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் தேத்தண்ணி கேட்டார். அன்று நான் தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை.

பாஸ்கா வந்தால் வீட்டில் ஒரு கிழமைக்குப் புளித்த மா இருக்கக் கூடாது. பாண் இல்லை, பணிஸ் இல்லை, தோசை அப்பம் இல்லை. கொழும்பில் பாண் இல்லாமல் ஒரு கிழமை! பாண்காரன் வாசலில் மணியை அடித்துவிட்டு, இந்த வீட்டுக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டுச் சுட்டு எனக்குக் கை காய்த்துவிடும். நாள் பார்த்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய், அக்கா வீட்டில் பாணும் பருப்பும் ஒரு பிடி பிடித்துவிட்டு வருவேன். இவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அதெல்லாம் நாலு சுவருக்குள் நடக்கிற சங்கதி. கூடாரப் பண்டிகைதான் எனக்குப் பயம். முன்னோர் வனாந்தரத்தில் அலைந்த காலத்தை நினைத்து, ஏழு நாள் ஓலைக் கொட்டிலில் இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் கொட்டில் போட நிலம் ஏது? எங்களுக்கு மேலே இருந்த மொட்டைமாடியில்தான் போட்டார். அந்தப் பண்டிகை பூரணையில் தொடங்குவதால், கடவுளுடைய பண்டிகைக்கு அரசாங்கமே போயா லீவு தருகிறது என்று இவருக்கு ஒரே பெருமை. நாலு கம்பு நட்டு, கிடுகு வேய்ந்து, வேப்பங்குழை சொருகுவார்கள். ஜெபக்கூட்டத்து ஆட்கள் பாயும் பையும் தூக்கிக்கொண்டு வருவார்கள், லாந்தர் கொளுத்தி வைத்து வேதம் வாசிப்பார்கள்.

சண்டை நடந்த அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டுக்கு அறிமுகமில்லாத ஒருவர் பையோடு வந்தாலே போதும், ஒழுங்கை முழுக்கக் கண் வைக்கும். எங்கேயாவது குண்டு வெடித்தால் அன்றைக்கே தெருவை மறிப்பார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருக்கிற ஆண்களை ஜீப்பில் ஏற்றுவார்கள். சிலர் அடுத்த நாள் வந்துவிடுவார்கள். சிலர் மாதக் கணக்கில் வரமாட்டார்கள். சிலரைப் பற்றி அவர்களுடைய வீட்டாரே கதைப்பதை நிறுத்திவிடுவார்கள். இவருடைய அட்டையிலும் யாழ்ப்பாணம்தான். கதவில் தட்டுச் சத்தம் கேட்டால் என் கை முதலில் இவருடைய சேட்டுப் பொக்கற்றுக்குத்தான் போகும், அட்டை இருக்கிறதா என்று பார்க்க. அப்படியிருக்க மாடியில் கொட்டிலும் லாந்தரும் வேறு. உங்களைக் கொண்டுபோனால் நான் எந்த வனாந்தரத்தில் போய்த் தேடுவது என்று கேட்டேன். கடவுள் காப்பார் என்றார். காப்பார்தான். பொலிசுக்குச் சிங்களத்தில் பதில் சொல்லப் போவது நானல்லவா?

ஒரு வருடம் பண்டிகை முடிந்தும் கொட்டிலைப் பிரிக்கவில்லை. மழை விடட்டும், விடட்டும் என்று இழுத்தடித்தார். நானும் விடாமல் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அப்படியிருக்க ஒரு நாள் விடியக் கண்விழித்தால், கொலன்னாவைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. இயக்கத்தின் தாக்குதலில் எண்ணெய்த் தாங்கிகள் எரிகின்றன என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊரே மாடியேறிப் பார்த்தது. இவரும் ஏறி நின்று பார்த்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தேன். மற்றவர்கள் பார்த்தால் அது வேடிக்கை. தமிழன் நின்று அந்தப் புகையைப் பார்த்தால் அதற்கு வேறு பெயர்.

மத்தியானம் போல் ஜெபக்கூட்டத்துத் தம்பதி ஒன்று வாசலில் வந்து நின்றது. அந்த மனிதர் தேயிலைத் தோட்டப் பக்கத்திலிருந்து வந்து கொலன்னாவையில் பலகை அரிகிற ஒரு மரக்காலையில் வேலை செய்பவர். தாங்கிகளுக்குக் கிட்ட இருந்த வீடுகளையெல்லாம் விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்களாம். ஒரு பை, ஒரு சட்டி, உடம்பெல்லாம் கரி. “வேற எங்கயும் போக எடமில்லீங்கக்கா” என்றார். எங்களிடம் இருந்தது ஒரு அறையும் கை அகல ஹோலும். இவர் அவர்களுடைய பையை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். கூடாரம் என்றால் இதற்குத்தானே என்று இறங்கி வந்து சொன்னபோது இவருக்குக் கண் கலங்கியிருந்தது. இவருடைய பண்டிகையில் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது அன்றுதான். அந்த நேரமே போய் வாசல் கதவைப் பூட்டினேன். கொலன்னாவை விலாசம் உள்ள தமிழர் இரண்டு பேர், தாங்கி எரிகிற அன்று, வெள்ளவத்தையில் எங்கள் மாடியில்.

அடுத்த நாள் பின்னேரம் ஜீப் வந்தது. யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு சப் இன்ஸ்பெக்டரும் துவக்கோடு இரண்டு கான்ஸ்டபிள்மாரும் நேரே மாடிக்கு ஏறினார்கள். இன்ஸ்பெக்டர் பாயைக் காலால் தள்ளிப் பார்த்தார், லாந்தரைத் தூக்கிப் பார்த்தார், கொட்டிலில் இருந்து எது எது தெரிகிறது என்று குனிந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். என் கணவர் உள்ளதைச் சொல்லத் தொடங்கினார். உடைந்த சிங்களத்தில் எகிப்து, மோசே, வனாந்தரம் என்று. ஐயோ, அந்தச் சிங்களத்தைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். நானும் கிறிஸ்தவன்தான், ஒக்டோபரில் ஓலைக் கொட்டிலில் படுக்கிற பண்டிகை எனக்குத் தெரியாது என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு கான்ஸ்டபிள் இவருடைய மேல்கையைப் பிடித்துவிட்டான். படிப்பக்கம் திருப்பியும்விட்டான்.

இன்ஸ்பெக்டருடைய சேட்டுக் கழுத்துக்குள் ஒரு சங்கிலி தெரிந்தது. அதில் மாதா படம் போட்ட சின்னப் பதக்கம். என் அக்காவின் கழுத்திலும் அதே பதக்கம்தான் கிடக்கிறது.

“நத்தார் குடில் சேர்” என்று சிங்களத்தில் சொன்னேன். “நேர்த்தி. எங்களுக்குப் பிள்ளை இல்லை.”

அதற்குப் பிறகு என் வாய் தானாகவே ஓடியது. கலியாணமாகி இத்தனை காலம், எத்தனை டொக்டர், எத்தனை கோயில். இந்த வருடம் ஆள் நுழைகிற அளவில் பெரிய குடில் போட்டு வைப்பதாக நேர்ந்தோம். டிசம்பரில் கொட்டில் போட ஆள் கிடைக்காது என்பதால் இப்போதே பிடித்துவிட்டோம். இந்த மனிதர் பொண்டாட்டியோடு வந்து நின்று வேலை செய்கிறார், வேலை முடியுமட்டும் இங்கேயே படுக்கிறார்கள். என் கணவருக்குச் சிங்களம் வராது, எதையோ கேட்டால் எதையோ சொல்லுவார். கொலன்னாவைக்காரர் கெட்டிக்காரர். நான் சொல்லி முடிக்க முன்பே கத்தியை எடுத்து, ஒரு கிடுகை இழுத்து வைத்து நறுக்கத் தொடங்கிவிட்டார். அவர் நல்ல கிடுகைச் சும்மா வெட்டிப் பாழாக்கியது எனக்கு மட்டுந்தான் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை இல்லாதது மட்டும் உண்மை. அதை நான் வாய் திறந்து யாருக்கும் சொன்னதில்லை, இவருக்குக்கூட.

இன்ஸ்பெக்டர் இவரைப் பார்த்து, அப்படியா மாத்தயா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்குள் நான் செத்துப் பிழைத்தேன். இவர் தலையை மட்டும் அசைத்தார். கான்ஸ்டபிள் கையை விட்டான். படியிறங்கும்போது இன்ஸ்பெக்டர் திரும்பி, நத்தாருக்கு வந்து பார்க்கிறேன் நோனா, பாலன் வரம் தருவார் என்றார். அது ஆசீர்வாதமா மிரட்டலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நெருப்பு அடங்கிய பிறகு கொலன்னாவைத் தம்பதி வீட்டுக்குப் போய்விட்டது. கொட்டில் மட்டும் நின்றது. பிரித்தால் பொய் வெளிக்கும், பிரிக்காவிட்டால் கண்ணில் குத்தும். இவர் ஒரு நாள் கம்பைப் பிடுங்கப் போனார். கையை வைத்தால் பாருங்கோ என்று நான் படியில் குறுக்கே நின்றேன். ஜெபக்கூட்டத்து ஆட்கள் வருவதை நிறுத்தினார்கள். பாதி பயம், பாதி வருத்தம்: கடவுளுடைய கூடாரத்தை நத்தார் குடில் என்று சொல்லிவிட்டார்களே என்று. இவர் மட்டும் தெமட்டகொடைக்குப் போய் வந்தார். சாப்பாட்டில் கை வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார். ஜீப் சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்போம்.

டிசம்பரில் அக்காவிடம் போய்க் குடில் சுரூபங்களை இரவல் வாங்கினேன். பழைய பேப்பரில் சுற்றி, பையில் அடுக்கி, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். காலி வீதிச் செக்பொயின்ரில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பொடியன் பேப்பரை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சூசையப்பரைத் தட்டிப் பார்த்தான், உள்ளே கோறையா என்று. மாதாவைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தான். ஒரு ஆட்டின் கால் உடைந்துவிட்டது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நாலைந்து வருடமாக எங்கள் வீட்டில் ஒரு நத்தார் வராதா என்று ஏங்கியவள் நான். வந்தது பாருங்கள், இப்படித்தான் வந்தது. அந்தச் சுரூபங்களைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம், சுரூபங்களைக் கொட்டிலுக்குள் எடுத்து வைக்கச் சொல்லி இவரிடம் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வர, எங்கள் படலையில் ஜீப் நின்றது. மரக்கறிப் பையோடு மாடிக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் பிடித்தபடி தனியே இவருக்குப் பக்கத்தில் நின்றார். கண் வைக்கோலில் இருந்தது. நானும் பார்த்தேன். பாலனைத் தீவனத் தொட்டியில் படுக்க வைத்திருந்தார் இவர்.

எங்கள் ஆட்கள் யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். நத்தார் நடுச்சாமம் வரை தொட்டி வெறுமையாகத்தான் இருக்கும். பூசைக்குப் பிறகுதான் பாலனைக் கொண்டுவந்து வைப்போம். கத்தோலிக்க வீட்டில் தவழுகிற பிள்ளைக்கும் அது தெரியும். இவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. பேப்பரைப் பிரித்து, இருந்ததையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார், பாவம்.

பாலன் இன்னும் பிறக்கவில்லையே நோனா என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி. நான் ஏதோ உளறினேன். அவர் கையால் மறித்தார். ஒக்டோபரிலேயே தனக்குச் சந்தேகம்தானாம். பிள்ளை இல்லை என்று நான் சொன்ன விதத்தைப் பார்த்து, நத்தார் குடில் என்றே மேலிடத்துக்கு அறிவித்துவிட்டாராம். கொட்டில் இன்னும் நிற்கிறது என்று யாரோ திரும்பவும் சொல்லிவிட்டார்கள். இப்போது ஜீப்பில் மேலிடத்து ஆள் ஒருவர் வந்திருக்கிறார். “அவர் கேட்டால் ஒரு பதில்தான். வேறு பதில் வந்தால் உங்கள் மாத்தயாவோடு சேர்ந்து நானும் முடிந்தேன்” என்றார். அவருடைய மேலுதட்டில் வியர்த்திருந்தது. துவக்கு வைத்திருக்கிறவனே பயந்தால் நாங்கள் எங்கே போக?

அந்த ஆள் சிவில் உடுப்பில் வந்தார். மெதுவாகப் படியேறினார். என்னைப் பார்க்கவேயில்லை. இவருக்கு முன்னால் வந்து நின்று, நல்ல தமிழில், இது என்ன என்று கேட்டார். சிங்களத்தில் கேட்டிருந்தால் நான் உள்ளே புகுந்திருப்பேன். தமிழில் கேட்டதை நான் பெயர்த்துச் சொல்ல என்ன இருக்கிறது?

இவர் வைக்கோலைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கடவுளே, கடவுளே என்று எனக்குள் கத்தினேன். எந்தக் கடவுள், எந்தப் பண்டிகையின் கடவுள் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

“நத்தார் குடில்” என்றார் இவர்.

அந்த ஆள் தலையாட்டிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஆனால் இவர் நிறுத்தவில்லை. நாங்கள் வருடா வருடம் போடுகிறோம் என்றார். சின்ன வயதிலிருந்தே நத்தார் என்றால் தனக்கு உயிர் என்றார். மனைவியோடு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன் என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது, முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. அப்படி ஒரு சிரிப்பை நான் இவரிடம் கண்டதில்லை. பிறகு குனிந்து, வைக்கோலில் இருந்து பாலனை எடுத்து, அதன் காலில் முத்தம் கொடுத்தார். சுரூபம் இருக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். முத்தம் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்த ஆள் இவருடைய தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார். இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே போனார். ஜீப் புறப்பட்டுக் காலி வீதிப் பக்கம் திரும்பிய சத்தம் கேட்டதும் நான் அப்படியே தரையில் குந்திவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கொண்டுபோகவில்லை. இவரைக் கொண்டுபோகவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பொய்யை நான் திரும்பவும் சொல்லுவேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இவர் பாலனைக் கையில் வைத்தபடியே நின்றார். விக்கிரகத்தைத் தொட வைத்துவிட்டாய் என்று என்னோடு கோபிப்பார் என்று நினைத்தேன். எழும்பிப் போய்ப் பாலனை வாங்கப் பார்த்தேன். விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

“அவன் ஒண்டுதான் கேட்டவன்” என்றார். “நான் எத்தினை சொன்னன் பாத்தீரே?”

போனது போகட்டும், ஆள் போய்விட்டான், கீழே வாங்கோ என்றேன்.

“கொலன்னாவை அண்ணை எங்க இருக்கிறார் எண்டு கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பன். கூட்டிக்கொண்டு போய் வீட்டையும் காட்டியிருப்பன்.”

அப்படி ஒன்றும் செய்யமாட்டீர்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சற்று முன்னே இவருடைய முகத்தில் கண்ட அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. இவருடைய விரல்களை விட்டுவிட்டேன்.

கொட்டிலைப் புதுவருடம் பிறந்ததும் இவரே பிரித்தார். அதற்குப் பிறகு தெமட்டகொடைக்குப் போகவில்லை. அவர்கள் ஆளனுப்பியும் போகவில்லை. ஒரு முறை கொலன்னாவைக்காரரின் மனைவி வெள்ளவத்தை மார்க்கெட்டில் என்னைக் கண்டு, வேறு இடத்துக்கு வீடு மாறிவிட்டோம், அண்ணனை வரச் சொல்லுங்க என்று சந்தோஷமாகப் புது விலாசம் சொன்னாள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லத் தொடங்கினேன். இவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“எனக்குச் சொல்லாதையும்” என்றார். “எனக்குத் தெரியக் கூடாது.”